சுடச்சுட பதில்கள்

*பி.எஸ்சி. மாணவி, காரைக்குடி*
கே: லேபில் எல்லோரும் 'டாக்', 'டாக்' என்கிறார்களே, யார் சார் அது?
ப: டாக் பாலிமரேஸ். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி. பூர்வீகம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்று. 1960களில் தாமஸ் பிராக்கும் மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்கே பிடித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் சொத்து. 70 டிகிரியில் குடும்பம் நடத்தும் ஜென்மம்!

*ஓய்வுபெற்ற ஆசிரியர், பழனி*
கே: அப்படியானால் ஊற்றில் வாளியோடு காத்திருப்பார்களா?
ப: அதெல்லாம் மலையேறியாச்சு. டாக்கின் மரபணுவை இ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவுக்குள் நுழைத்து, இ.கோலையே டாக் தயாரிக்கும்படி 1989ல் செய்துவிட்டார்கள். பிரித்தெடுப்பதுதான் வேடிக்கை. இ.கோலை செல்களை உடைத்து, சாற்றை 75 டிகிரியில் வைப்பார்கள். அதன் சொந்தப் புரதங்களில் பெரும்பகுதி திரிதிரியாகத் திரண்டு அடியில் படியும். டாக் மட்டும் மேலே தெளிவில் மிதந்துகொண்டிருக்கும். சோறு போட்ட வீட்டுக்காரன் வெந்தான், வாடகைக்கு வந்தவன் தப்பினான்.

*ஆய்வு மாணவர், கோவை*
கே: டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாக நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையை, டாக் வருவதற்கு முன் எப்படிச் செய்தார்கள்?
ப: அழுதுகொண்டே. இ.கோலையின் சொந்த பாலிமரேஸ் துண்டுதான் அப்போது கதி. டி.என்.ஏ.வின் இரு இழைகளைப் பிரிக்க 95 டிகிரி வரை சூடேற்ற வேண்டும்; அதிலேயே நொதி காலி. ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியைத் திறந்து புதிதாக ஊற்றியாக வேண்டும். 1988ல் டாக் வந்தது, மூடி மூடியே இருந்தது. அன்று எத்தனை ஆய்வு மாணவர்கள் தூங்கப் போனார்களோ!

*வங்கி ஊழியர், திருச்சி*
கே: முப்பது சுற்றில் எத்தனை நகல் கிடைக்கும்?
ப: சுற்றுக்கு இரட்டிப்பு. ஒரே ஒரு டி.என்.ஏ.வில் தொடங்கினால் காகிதக் கணக்கில் 107 கோடிக்கு மேல். நடைமுறையில் குறையும். உங்கள் வங்கியில் யாராவது இந்த வட்டி தருவதாகச் சொன்னால் போலீஸுக்கு போன் போடுங்கள்.

*பிழைதிருத்துபவர், சென்னை*
கே: நகலில் தப்பு வராதா?
ப: வரும். தப்பைத் திரும்பிப் பார்த்து அழிக்கிற வசதி டாக்குக்குக் கிடையாது. வேகம் உண்டு, புரூஃப் பார்ப்பதில்லை. எங்கள் ஆபீஸில் உடனே வேலை போட்டுத் தரலாம். சுத்தமான நகல்தான் வேண்டுமென்றால் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் என்ற நுண்ணுயிரியின் 'பி.எஃப்.யூ.' பாலிமரேஸ் இருக்கிறது. நிதானமாக வருவார், கணக்கு சரியாக இருக்கும்.

*லேப் டெக்னீஷியன், வேலூர்*
கே: 95 டிகிரி தாங்குகிறவருக்கு மைனஸ் 20 ஃப்ரீசர் எதற்கு?
ப: தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு ஐயா. 95 டிகிரியில் சுமார் 40 நிமிடத்தில் பாதி பலம் போய்விடும். ஃப்ரீசரிலும் உறையாமலிருக்க, பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்திருப்பார்கள். அதனால்தான் அந்தக் கொழகொழப்பு. பிப்பெட் டிப்பை ஆழமாக முக்கினால் வெளியே ஒட்டிக்கொண்டே பாதிக் காசு போகும். நுனியை மட்டும் நனையுங்கள்.

*அதே டெக்னீஷியன், அதே வேலூர்*
கே: டி.என்.ஏ.வே போடாத ட்யூபிலும் பாக்டீரியா இருப்பதாகக் காட்டுகிறதே, பேயா?
ப: இ.கோலைதான். உங்கள் டாக்கைத் தயாரித்தது அதுவல்லவா? சுத்திகரிப்பில் தப்பிய அதன் டி.என்.ஏ. துளித்துளியாக ஒட்டிக்கொண்டே வரும். நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமரில், எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கிற ரகத்தைப் போட்டால் முதலில் சிக்குவது சமையல்காரர்தான். அந்த டி.என்.ஏ.வையும் நீக்கிய டாக் கடையில் கிடைக்கிறது. விலையைக் கேட்டுவிட்டுப் பேயே தேவலை என்பீர்கள்.

*வாசகி, மதுரை*
கே: பி.சி.ஆர். கண்டுபிடித்தவர் கோடீஸ்வரராகி இருப்பாரே?
ப: கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு, அவர் வேலை பார்த்த சீட்டஸ் கம்பெனி கொடுத்த போனஸ் 10,000 டாலர். 1991ல் அதே கம்பெனி பி.சி.ஆர். உரிமையை ரோஷ் நிறுவனத்துக்கு விற்றது 30 கோடி டாலருக்கு. 1993ல் நோபல் கொடுத்து முல்லிஸைச் சமாதானப்படுத்தினார்கள். பாக்டீரியாவைப் பிடித்த பிராக்? அவர் காப்புரிமையே கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் வாங்கிப் போகட்டும் என்று பொதுக் களஞ்சியத்தில் கொடுத்துவிட்டார். யெல்லோஸ்டோன் பூங்காவுக்கும் ராயல்டி பூஜ்யம். பாக்டீரியாவுக்கோ வக்கீல் வைக்க வசதியில்லை.

*லேப் உரிமையாளர், ஓசூர்*
கே: டாக் பாட்டிலில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. அதை வைத்து நோயாளிக்கு டெஸ்ட் எடுத்தால் என்ன?
ப: நொதிக்கு நோயாளியும் ஒன்று, எலியும் ஒன்று, அதுபாட்டுக்கு வேலை பார்க்கும். சட்டம் அப்படி இல்லை, நோயறியும் கிட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். ரிசல்ட் தப்பானால் கம்பெனி அந்த ஒரு வரியைக் காட்டிவிட்டு நடையைக் கட்டிவிடும்; மாட்டப்போவது நீங்கள். ஊரைச் சொல்லிவிட்டீர்கள், பெயரையாவது எழுதாமல் விட்டீர்களே, கெட்டிக்காரர்!