இசட்.எம். வருகிறார்

பல அரசு வங்கிகளில் ஜோனல் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். வங்கிக்காரர்கள் வாயில் அவர் இசட்.எம். அவருக்குக் கீழே அறுபது எழுபது கிளைகள். அத்தனை கிளைகளின் கஷ்டமும் தனக்கு உள்ளங்கை நெல்லிக்கனி என்பது அவருடைய திடமான நம்பிக்கை. “நான் கிளார்க்கா சேர்ந்தவன்ப்பா” என்பார்.

உண்மைதான். 1988 வாக்கில் வங்கி வேலைக்கான பி.எஸ்.ஆர்.பி. பரீட்சை எழுதி, டெல்டாவில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கிளையில் சேர்ந்தவர். பித்தளை டோக்கன் கொடுத்தவர், தலையணை கனத்து லெட்ஜரைப் புரட்டியவர். பேலன்ஸிங்கில் பத்துப் பைசா உதைத்ததற்காக ராத்திரி பதினொரு மணிவரை ஃபேனுக்கடியில் உட்கார்ந்து தேடியவர். சிக்கல் என்னவென்றால், அந்தப் பத்துப் பைசாவை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். எந்தக் கிளைக்குப் போனாலும் முதல் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம், “என்னம்மா, பேலன்ஸிங்லாம் டாலி ஆகுதா?” என்று கரிசனமாகக் கேட்பார். கணக்கைக் கம்ப்யூட்டரே டாலி செய்துவிடும் கோர் பேங்கிங் வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண், என்ன கேட்கிறார் என்று புரியாமலே “ஆகுது சார்” என்று சொல்லும். இவருக்கு மனசு நிறைந்துவிடும்.

அந்தப் பெண்ணின் கஷ்டம் வேறு. இன்றைக்குள் இத்தனை பேரை 436 ரூபாய் ஆயுள் காப்பீட்டிலும் 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்தாக வேண்டும். ஏன் சேர்க்கவில்லை என்று சாயங்காலம் வீடியோ கான்ஃபரன்ஸில் கேட்பார்கள். கேட்பவர் யார் என்றால், இதே இசட்.எம்.தான். ஆனால் அது வேறு நாற்காலி. அதில் உட்காரும்போது அவர் கிளார்க்காகச் சேர்ந்தவர் அல்ல.

ஆளும் அரசன் குடிகளின் நிலையறிய வெளியே கிளம்புவது நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் வரும் பொற்கைப் பாண்டியன் இரவில் நகர்காவல் போனவன். ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்ட குற்றத்துக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டவன். பாண்டியன் சொல்லாமல் போனான். இசட்.எம். ‘சர்ப்ரைஸ் விசிட்’ என்று பத்து நாள் முன்பே மெயில் போடுவார். பாண்டியன் கையை வெட்டிக்கொண்டான். இவர் விசிட் நாளில் மற்றவர்களின் லீவை வெட்டுவார்.

அந்தப் பத்து நாளில் கிளை அடையும் மாற்றத்தைப் பார்க்கக் கண்கோடி வேண்டும். ஏ.டி.எம். அறையில் லைட் எரியும். ஏ.சி. மெக்கானிக் கூப்பிட்டவுடன் வருவார். நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் வாடகைக்கு இறங்கும். பாஸ்புக் பிரிண்டரின் மேல் மூன்று மாதமாக ‘இயந்திரம் பழுது’ என்று ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிடுவார்கள். இயந்திரம் பழுதாகவே இருக்கும். விசிட் அன்று காலை இசட்.எம்.மின் டிரைவர், கிளை மேனேஜரான பி.எம்.முக்கு ரகசியமாக போன் போட்டு, “டோல்கேட் தாண்டியாச்சு” என்பார். கிளை முழுதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளும்.

இசட்.எம். கெட்ட மனிதரில்லை. அதுதான் இதில் சங்கடம். மும்பையில் நட்சத்திர ஹோட்டல் டிரெய்னிங் ஒன்றுக்குப் போனவர், டொயோட்டாவின் தாயீச்சி ஓனோ பற்றிக் கேட்டுவிட்டு உருகிப்போய் வந்தார். தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள்ளேயே மணிக்கணக்காக நின்று நடப்பதைக் கவனி என்பாராம் ஓனோ. அடுத்த விசிட்டில் இவரும் ஹால் நடுவில் நின்று சாக்பீஸ் கேட்டார். வங்கியில் ஏது சாக்பீஸ்? அட்டெண்டர் கடைக்கு ஓடி ஒரு டப்பா வாங்கி வந்தார். அந்தச் செலவை ஸ்டேஷனரி கணக்கில் எழுதுவதா, விசிட் கணக்கில் எழுதுவதா என்று அக்கவுன்டன்ட் அரைமணி நேரம் குழம்பினார். வட்டத்துக்குள் நின்ற இசட்.எம்.மைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் கவுண்டருக்குப் போனார்கள். நகைக் கடனுக்கு வந்த ஒருவர், ஏதோ பரிகாரம் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அப்புறம் தோன்றிய யோசனைதான் கவுண்டர். “இன்னிக்கு ஒரு மணி நேரம் நானே உட்கார்றேன்.” உட்கார்ந்தார். அவருடைய ஐ.டி.க்கு இந்தக் கிளையில் பணம் வாங்கவோ கொடுக்கவோ அனுமதியில்லை. அனுமதிக்கு ஜோனல் ஆபீசுக்கு ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். அதை அப்ரூவ் செய்ய வேண்டிய ஆபீசர், விசிட்டுக்காக இவரோடு காரில் வந்து பின்னால் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார்.

அதற்குள் ஒரு பாட்டி பாஸ்புக்கை நீட்டிவிட்டார். “முதியோர் பணம் ஆயிரத்து இருநூறு ஏறிடுச்சான்னு பாரு சாமி.”

இசட்.எம். இரண்டு பட்டனைத் தட்டினார். “சர்வர் ஸ்லோவா இருக்கும்மா” என்றார். பத்தே நிமிடத்தில் தொழில் படிந்துவிட்டது.

“தம்பி புதுசா? அந்தப் பொண்ணு இருந்தா நிமிஷத்துல சொல்லிப்புடும்.”

ஐம்பத்தெட்டு வயதில் தம்பி ஆன சந்தோஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரிக்க, அந்தக் கணத்தைப் போட்டோ எடுத்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எழுபது கட்டைவிரல்கள் எழுந்தன. பணம் ஏறியதா என்பதைப் பாட்டி அடுத்த கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மதியம் ஊழியர் கூட்டம். “மனசு விட்டுப் பேசுங்க. இங்க நான் இசட்.எம். இல்ல, உங்க அண்ணன்.” தம்பி தங்கைகள் தரையைப் பார்த்தார்கள். இசட்.எம்.முக்குப் பின்னால் நின்ற பி.எம்., அவர்களைப் பார்த்தார். பீகாரிலிருந்து வந்து ஒரு மாதமே ஆன புரபேஷனரி ஆபீசர் பையன் மட்டும், புதிதாகக் கற்ற தமிழைப் பயன்படுத்திப் பார்க்க ஆசைப்பட்டு, “சார், பாத்ரூம்ல தண்ணி இல்லை” என்றான்.

“நாங்கள்லாம் ஆத்தங்கரைக்குத்தான் போனோம்” என்று ஆரம்பித்தார் இசட்.எம். 1988 மறுபடி வந்தது. லெட்ஜர் வந்தது, பத்துப் பைசா வந்தது, லாந்தர் விளக்கு கூட வந்தது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: மூன்றாம் நாளே மோட்டாரை மாற்றிக் கொடுத்தார். அந்தப் பையனுக்குத்தான் ‘ஆத்தங்கரை’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது இவர் ஒரு பெரிய கிளையின் சீஃப் மேனேஜர். கேபினைப் பூட்டிவிட்டு கேஷ் கவுண்டரில் நின்று, விரல் நுனி கறுக்கக் கறுக்க நோட்டு எண்ணினார். டீயும் பன்னும்தான் சாப்பாடு. மயங்கி விழுந்த கிழவரைத் தூக்கிப்போய் உட்காரவைத்தார். யாரும் போட்டோ எடுக்கவில்லை. அந்தக் கதையை மட்டும் அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

ரிடையர் ஆனபின் போரூர்ப் பக்கம் மகள் வீடு. நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத கிளையில், கையில் டோக்கனோடு வரிசையில் நின்றார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கருவியில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை.

“துடைச்சிட்டு வைங்க சார்.”

துடைத்துவிட்டு வைத்தார். சர்வர் போய்விட்டது.

“ஏம்மா, இந்தக் கஷ்டத்தையெல்லாம் நீங்க மேல சொல்றதே இல்லையா?”

“எங்க சார் சொல்றது, இன்னிக்கு இசட்.எம். விசிட்” என்றது அந்தப் பெண். “நீங்க கொஞ்சம் அந்தப் பூந்தொட்டியை மறைக்காம தள்ளி நில்லுங்க.”