நாலு எலுமிச்சம்பழமும் ஒரு ஜாக்கியும்

பெரியவர்: ஏம்பா, குட்டியானை வண்டிக்கு அடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருக்குதே, யாரோடது?

பட்டறைக்காரர்: நம்ம பையன்தான் பெரியவரே. கிராஸ் மாத்துறான்.

பெரியவர்: வண்டி எது மேல நிக்குது?

பட்டறைக்காரர்: ஜாக்கி மேலதான். டெப்போவுல ஸ்பேனர் புடிச்சவரு, உங்களுக்குத் தெரியாததா?

பெரியவர்: தெரிஞ்சதாலதான் கேக்குறேன். ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்ல. உள்ள ஒரு ரப்பர் சீல் தேஞ்சாப் போதும், எண்ணெய் கசிஞ்சு சத்தமில்லாம இறங்கிடும்.

பட்டறைக்காரர்: 30 வருஷமா இப்படித்தான் வேலை. ஒண்ணும் ஆகலையே!

பெரியவர்: சரி, புது வண்டி எடுத்தா என்ன பண்ணுவ?

பட்டறைக்காரர்: மாலை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம்.

பெரியவர்: பழத்துக்குக் கெடச்ச எடம் ஒரு கட்டைக்குக் கெடைக்கலையே! முன்சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை எங்க?

பட்டறைக்காரர்: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன்.

பெரியவர்: அது பின்சக்கரத்தைப் புடிக்கும். நீ தூக்கி வச்சிருக்கறதே பின்பக்கத்தை. அந்தரத்துல தொங்குற சக்கரத்தை நல்லா இறுக்கிப் புடிச்சிருக்க.

பட்டறைக்காரர்: வேணும்னா ஒரு ஹாலோ பிளாக் கல்லை அண்டை கொடுக்கட்டுமா?

பெரியவர்: அதுக்கு எலுமிச்சம்பழமே மேல். நசுங்குனா ஜூஸாவது வரும். அந்தக் கல்லு பாரம் ஒரு முனையில ஏறுனா பொடிப்பொடியா உதிரும்.

பட்டறைக்காரர்: ஜாக்கிக்கு அடியில தரை கெட்டியாத்தான் இருக்கு.

பெரியவர்: நேத்து ராத்திரி மழை. ஏரிக்கரை மண்ணு மாதிரி இருக்கு. ஒரு பலகை கூடப் போடல. ரெண்டு இரும்பு ஸ்டாண்டு வாங்கி வச்சா என்ன?

பட்டறைக்காரர்: செலவாகும் பெரியவரே.

பெரியவர்: ஆயுத பூஜைக்குப் பொரி, பூசணிக்காய், சீரியல் லைட்டு, ஸ்பீக்கர். ஜாக்கிக்கே பொட்டு வச்ச. ஸ்டாண்டுக்கு மட்டும் காசு இல்ல!

பட்டறைக்காரர்: எல்லாம் அவனவன் தலையெழுத்து. நேரம் வந்தா யாரு தடுக்க முடியும்?

பெரியவர்: உத்திரமேரூர்ல இருந்துக்கிட்டா தலையெழுத்துன்னு பேசுற? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. 919-லயும் 921-லயும் வெட்டுனது. கணக்குக் காட்டாதவனை ஊர் வாரியத்துக்கே எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. பேரு எழுதுன ஓலையைக் குடத்துல போட்டு, ஒண்ணுமறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க. யாருக்கும் சாதகம் பண்ணத் தெரியாதவன்னு அவனைக் கூப்பிட்டாங்க. நீயும் ஒண்ணுமறியாத பையனைத்தான் கூப்பிட்டிருக்க. ஆனா இந்தக் குடத்துல இருக்கறது அவன் பேரு மட்டும்தான்.

பட்டறைக்காரர்: அப்படியெல்லாம் பேசாதீங்க...

பெரியவர்: பேசுவேன். 30 வருஷம், 30 வருஷம்னு சொல்றியே, கடைசியா நீ எப்ப அடியில படுத்த? நீ வெளியில நின்னு டீ குடிக்கிற, அவன் கெடக்குறான். காலி வண்டியே 800 கிலோவுக்குக் கிட்ட. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா ‘விதி’ன்னு சொல்லுவ. மூணு ரோட்டுல கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பீங்க. அந்த பேனரைக்கூட நாலு பக்கமும் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்துவீங்க. காத்துல விழுந்தா யாருக்காவது அடிபடுமாம்!

(பட்டறைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைக்கிறார்.)

பட்டறைக்காரர்: டேய் தம்பி, வெளிய வாடா... இப்ப என்ன செய்யணும், சொல்லுங்க.

பெரியவர்: சமதரை. தரையில இருக்கற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஜாக்கிக்கு அடியில பலகை. தூக்கினதும் அச்சுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஜாக்கியைத் தளர்த்திப் பாரத்தை ஸ்டாண்டு மேல எறக்கு. வண்டியை ஒரு தள்ளு தள்ளிப் பாரு. கழட்டுன ஸ்டெப்னியையும் அடியில படுக்கப் போடு.

பட்டறைக்காரர்: எலுமிச்சம்பழம்?

பெரியவர்: அதை ரசத்துக்குப் புழிஞ்சுக்கோ. வண்டிக்கு அடியில போறவன் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ஜாக்கியை உருவி எடுத்துட்டா இந்த வண்டி நிக்குமா? நிக்கும்னா உள்ள போ. நிக்காதுன்னா, மொதலாளியே சொன்னாலும் போகாத.