வல்லினப் பே

மதுரையில் பிறந்தவன் உலகத்தில் எங்கே போனாலும் வழி தவறமாட்டான் என்று என் பாட்டி அடிக்கடி சொல்லுவாள். அவள் வாழ்நாள் முழுவதும் மேல மாசி வீதியைத் தாண்டி அதிக தூரம் போனதில்லையாதலால், அந்தச் சித்தாந்தத்தைப் பரீட்சித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் அவளுக்கு வாய்க்கவில்லை. அது எனக்குத்தான் வாய்த்தது. 1992ஆம் ஆண்டுக் கோடையில், பொறியியல் கல்லூரியின் கடைசி வருஷத்துக்கு முன்பாக, மூன்று மாதத் தொழிற்பயிற்சிக்காக ஜெர்மனி தேசத்து மன்ஹைம் நகரத்துக்கு நான் அனுப்பப்பட்டேன். ரைன் நதியும் நெக்கார் நதியும் சங்கமிக்கும் புண்ணிய க்ஷேத்திரம் அது. ஆனால் அங்கே ஸ்நானம் செய்யவேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த ஊரின் விசேஷம் என்னவென்றால், நகரின் நடுப்பகுதியில் வீடுகளுக்கு விலாசம் உண்டு, தெருப்பெயர் கிடையாது. 1607ஆம் ஆண்டில் நகர உரிமை பெற்ற நாள்முதலாகவே அந்த ஊரைச் சதுரங்கப் பலகைபோலக் கட்டம் கட்டமாக அமைத்திருக்கிறார்கள். கட்டங்கள் மொத்தம் 144. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து, ஓர் எண். அதற்குள் வீட்டுக்கு இன்னோர் எண். மக்கள் பழக்கத்தில் சில தெருக்களுக்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாலும், தபால்காரருக்கு வேண்டியது எழுத்தும் எண்ணுமே. எழுத்துகள் ஏயில் தொடங்கி யூவில் முடிகின்றன. நடுவே 'ஐ' மட்டும் கிடையாது. ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்கு 'நான்' என்று பொருள் என்பதை நினைத்து, அகங்காரத்தை வேரோடு கிள்ளி எறிந்துவிட்ட ஞானிகளின் நகரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று முதல் வாரத்தில் நான் புளகாங்கிதம் அடைந்ததுண்டு.

நான் குடியிருந்த அறையின் விலாசம் 'எஸ் 4, 17'. அதை வீட்டுக்கு எழுதியபோது, ரயில்வேயில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்த என் தகப்பனார் பதில் எழுதினார்: "சிரஞ்சீவிக்கு ஆசீர்வாதம். எஸ் 4 பெட்டியில் 17ஆம் எண் கீழ்ப் படுக்கை, சௌகரியமாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று மாதமும் ரயிலிலேயே இருப்பதாக உத்தேசமா? ஊர்போய்ச் சேர்ந்ததும் தெருப்பெயரோடு விலாசம் எழுதவும்." அந்தக் கடிதம் என் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததே அந்த விலாசம் சரியானது என்பதற்கு அத்தாட்சி என்று நான் திருப்பி எழுதினேன். அவர் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் இருவர் நண்பர்களானார்கள். ஒருவர் கல்கத்தாக்காரர், கணித சாஸ்திரத்தில் கரைகண்டவர், உலகத்தில் எந்த விவகாரமானாலும் அதற்கு ஒரு சூத்திரம் இருந்தே தீரும் என்ற திடநம்பிக்கை உடையவர். மற்றவர் அங்காராவிலிருந்து வந்த துருக்கியர். எந்தச் சூத்திரத்திலும் நம்பிக்கையில்லாதவர். எதிரே வருகிறவரைக் கேட்டுவிட்டால் போயிற்று என்பது அவருடைய கட்சி. "எழுத்தும் எண்ணும் இருக்கின்ற ஊரில் ஒருவன் வழி தவறினால் அவன் பள்ளிக்கூடத்துக்கே போகாதவனாக இருக்கவேண்டும்" என்று கல்கத்தா நண்பர் முதல் நாளே தீர்ப்பளித்திருந்தார்.

இரண்டாவது வாரத்தில், எங்கள் பிரிவின் மூத்த பொறியாளர் எங்கள் மூவரையும் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தம் வீட்டுக்குக் காப்பி சாப்பிட அழைத்தார். மூன்று மணி என்றால் அந்தத் தேசத்தில் மூன்று மணிதான். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மூன்று மணி அல்ல. தொலைபேசியில் அவர் விலாசத்தைச் சொல்லச் சொல்ல நான் சிரத்தையாகக் குறித்துக்கொண்டேன்: 'பே 3'. ஜெர்மானியர் தங்கள் எழுத்துகளைப் பே, தே, கே என்றுதான் உச்சரிப்பார்கள். நான் எழுதிக்கொண்டது தமிழில். அந்தக் கணத்தில் எங்கள் விதி நிர்ணயமாகிவிட்டது என்பதை நான் உணரவில்லை.

சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு முதற்காரியமாகப் பூங்கொத்து வாங்கினோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை தவிர மற்றச் சனிக்கிழமைகளில் இரண்டு மணிக்கெல்லாம் கடைகளை அடைத்துவிடவேண்டும் என்பது அந்நாளில் ஜெர்மனியில் சட்டம். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலைவரை ஒருவன் பட்டினி கிடந்தாலும் சரி, பூங்கொத்தில்லாமல் தவித்தாலும் சரி, சர்க்கார் அதற்குப் பொறுப்பாளி அல்ல. கையில் பூவும் மனத்தில் நிம்மதியுமாக, மகா வீதியில் அரண்மனையை நோக்கி நடந்து, வலப்புறம் திரும்பி, இரண்டே காலுக்கெல்லாம் பி 3 என்ற கட்டத்தை அடைந்தோம். கல்கத்தா நண்பர் தம் சூத்திரத்தின் வெற்றியைக் குறித்துப் பெருமிதத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார்.

அங்கே வீடு இல்லை. மரங்கள் இருந்தன, புல்தரை இருந்தது, நடுவில் ஒரு சிலை இருந்தது. எங்கள் பொறியாளர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தபோதிலும், உயிரோடிருக்கும்போதே தமக்குச் சிலை வைத்துக்கொண்டு அதனடியில் காப்பி கொடுக்கிறவராக இருக்க நியாயமில்லை. சிலைக்கெதிரே பூங்கொத்தோடு மூவரும் திகைத்து நின்றோம். நம் நாட்டில் சிலைக்கு முன்னால் பூவோடு நிற்கிறவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அங்கேயோ, கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் எங்களைக் கண்டதும் கண்கலங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு அருகில் வந்துவிட்டார். இத்தனை தூரத்துத் தேசங்களிலிருந்து வந்த வாலிபர்கள் மகாகவி ஷில்லருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கிறார்களே என்று அவர் உள்ளம் நெகிழ்ந்துபோயிற்று.

இல்லை என்று சொல்ல எங்களில் எவருக்கும் வாய் வரவில்லை. அவர் சொன்னதையெல்லாம் துருக்கி நண்பர் மொழிபெயர்த்தார். அந்தப் பூங்கா இருக்கும் இடத்தில்தான் பழைய நாடகசாலை இருந்ததாம். அது யுத்தத்தில் அழிந்துபோயிற்று. அங்கேதான் 1782ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி ஷில்லரின் 'கொள்ளையர்' நாடகம் முதன்முதலாக அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஸ்டுட்கார்ட்டில் ராணுவ வைத்தியராக உத்தியோகம். தம் பிரபுவிடம் அனுமதி கேட்டால் கிடைக்காது என்று, சொல்லாமல் கொள்ளாமல் நழுவி வந்து தம் நாடகத்தைப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை அப்படியே வந்தது வெளிப்பட்டதும், பிரபு அவரைப் பதினான்கு நாள் காவலில் வைத்தாராம். விடுப்பு எழுதிக் கொடுக்காமல் வேலையிலிருந்து நழுவியவருக்குச் சிலை எழுப்பியிருக்கும் ஊரில் பயிற்சி பெற வந்தது எங்கள் பூர்வ புண்ணியம் என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். கிழவர் முடித்துவிட்டு, பூங்கொத்தை எதிர்பார்ப்போடு பார்த்தார். வேறு வழியில்லாமல் அதைச் சிலையின் பாதத்தில் சமர்ப்பித்துவிட்டு, மூன்று பேரும் தலைகுனிந்து நின்றோம். மணி இரண்டே முக்கால், கடைகளெல்லாம் அடைத்தாயிற்று.

தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பொறியாளரைக் கூப்பிட்டேன். "பே மூன்றில் நிற்கிறோம், வீட்டைக் காணோம்" என்றேன். "பே மூன்றிலா? நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நீங்கள் தென்படவில்லையே" என்றார். பிறகு அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நீங்கள் பெர்த்தாவின் பேயில் நிற்கிறீர்கள், நான் இருப்பது பவுலாவின் பே" என்றார். எழுத்துகளைப் பெயர்களால் பிரித்துச் சொல்லுவது அந்நாட்டுத் தொலைபேசி மரபு. நான் அதையும் சிரத்தையாகத் தமிழில் குறித்துக்கொண்டேன்: 'பெர்த்தா அல்ல, பவுலா.' கூண்டிலிருந்து வெளியே வந்து படித்துப் பார்த்தால் இரண்டுக்கும் முதலெழுத்து பகரம்!

கல்கத்தா நண்பர் என் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் பாஷையில் இந்த இரண்டு ஒலிக்கும் சேர்த்து ஒரே எழுத்துத்தானா? எங்களுக்கு நான்கு இருக்கின்றன" என்றார். நான்கு எழுத்து வைத்திருப்பவர்களும் இப்போது என்னோடு இதே நடைபாதையில்தான் நிற்கிறார்கள் என்பதை அவருக்கு மரியாதையாக ஞாபகமூட்டினேன். மறுபடியும் கூண்டுக்குள் புகுந்து விளக்கம் கேட்டேன். பொறியாளர் சிரித்தார். அந்தப் பிரதேசத்துப் பேச்சில் இந்த இரண்டு ஒலிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே தேய்ந்துபோய்விட்டன என்றும், தம் ஊராரே ஒருவரையொருவர் கேட்டுத் தெளிவது உண்டு என்றும் சொல்லிவிட்டு, "என்னுடையது கடினமான பே" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடினமான பே, மென்மையான பே! பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து நான் மனப்பாடம் செய்த வல்லினமும் மெல்லினமும் ரைன் நதிக்கரையில் வந்து என்னைக் கைதூக்கி விடும் என்று என் தமிழ் வாத்தியார்கூட எதிர்பார்த்திருக்கமாட்டார்.

வல்லினப் பே எங்கே இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அகராதிப்படி பியிலிருந்து நடந்தால் சி, டி, ஈ என்று தாண்டிக்கொண்டே போய் அதை அடையவேண்டும் என்பது கல்கத்தா நண்பரின் சூத்திரம். அப்படியே போனதில் கே வந்தது. அப்புறம் நெக்கார் நதி வந்தது. நதிக்கப்பால் எழுத்துகளைக் காணோம். திரும்பி வருகையில் ஜி 1இலுள்ள சந்தைச் சதுக்கத்தருகே துருக்கி நண்பர் பொறுமையிழந்து, ஒரு ரொட்டிக் கடைக்காரரிடம் தம் தாய்மொழியிலேயே வழி கேட்டார். அந்த வட்டாரத்தில் துருக்கியர் ஏராளமாகக் குடியேறியிருந்தார்கள். நான் ஆறு மாதம் பணம் கட்டிப் படித்த ஜெர்மன் மொழி செய்யாத உபகாரத்தை அரை நிமிஷத்துத் துருக்கி மொழி செய்துவிட்டது.

போகும் வழியில் துருக்கி நண்பர் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். மிதிவண்டியின் மூதாதையான ஓட்ட இயந்திரத்தில் கார்ல் ட்ரைஸ் 1817ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதற்சவாரி புறப்பட்டது இந்த ஊரிலிருந்து. கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்கு 1886இல் காப்புரிமை பெற்றதும் இந்த ஊரில் இருந்தபோதே. நாமோ இங்கே ஒன்றரை மணியாகக் கால்நடையாக அலைகிறோம் என்றார். நான் நினைத்தது வேறு. 1888ஆம் ஆண்டு பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளோடு அந்த வண்டியில் ஏறி, வழியில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கி, குழாயில் அடைத்த அழுக்கைத் தொப்பி ஊசியால் குத்தியெடுத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, பொழுது சாய்ந்த பிறகு ஃபோர்ட்ஸ்ஹைமில் தாய் வீடு போய்ச் சேர்ந்தாள். அந்த அம்மாளின் பே எனக்குச் செய்த துரோகத்தை அதனாலேயே மன்னித்தேன்.

வெறுங்கையோடு போகலாகாதே என்ற கவலைக்குத் திறந்திருந்த ஒரே கடை பதிலளித்தது; அது ஐஸ்கிரீம் கடை. கண்ணாடிக்குப் பின்னால், தட்டில் இடியாப்பம், மேலே தக்காளிச் சாறு, அதற்கும் மேலே துருவிய பாலாடைக்கட்டி! கேட்டால் அத்தனையும் ஐஸ்கிரீம். சாறு ஸ்ட்ராபெரி, துருவல் வெள்ளைச் சாக்லேட். 'ஸ்பகெட்டி ஐஸ்' என்று பெயர். 1969இல் இதே ஊரில் டாரியோ ஃபான்டனெல்லா என்பவர் கண்டுபிடித்தது. மாவு பிழிகிற அச்சைக் குளிரவைத்து, அதில் வெனிலா ஐஸ்கிரீமைப் போட்டுப் பிழிந்தாராம். அந்த அச்சு வேறொன்றுமில்லை, எங்கள் வீட்டு இடியாப்ப உரலின் மேல்நாட்டுத் தங்கை. பரம்பரை பரம்பரையாக உரலைக் கையில் வைத்துக்கொண்டு நமக்கு இது தோன்றாமல் போயிற்றே என்ற ஏக்கத்தோடு ஐந்து பங்கு பொட்டலம் கட்டச் சொன்னேன்.

பி 3ஐ அடைந்தது மூன்றே முக்காலுக்கு, இம்முறை வல்லினம். ஆனால் வீட்டு எண்கள் நகரின் ஒரு பாதியில் வலமாகவும் மறு பாதியில் இடமாகவும் சுற்றுகின்றன என்ற ரகசியத்தை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதுபோல அந்தக் கட்டத்தை அப்பிரதக்ஷிணமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கதவைத் தட்டியபோது மணி நான்கு. பொட்டலத்தைப் பிரித்தார் அவருடைய மனைவி. இடியாப்பம் பாயசமாகியிருந்தது. அந்த உத்தமி முகம் சுளிக்காமல் அதைக் கிண்ணங்களில் ஊற்றிக் கரண்டியோடு வைத்தாள்.

பொறியாளர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். "அரண்மனைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இடப்புறம் ஏ முதல் கே வரை, வலப்புறம் எல் முதல் யூ வரை. எண் நடுவீதியிலிருந்து வெளியே போகப் போக ஏறும். அவ்வளவுதான். இந்தக் கணக்கு பிரபுவின் உப்பரிகையில் நிற்கிறவனுக்காகப் போட்டது. நீங்கள் தெருவில் நின்றுகொண்டு அதைப் படிக்கப் பார்த்தீர்கள்."

எனக்குப் பாட்டியின் குரல் கேட்டது. அம்மன் சந்நிதியை மனத்தில் வைத்துக்கொண்டு, சோற்றுக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்றுதான் அவள் மதுரை முழுவதற்கும் வழி சொல்லுவாள். ஊரைப் போட்டவன் எங்கே நின்று போட்டானோ அங்கே போய் நின்றால் எல்லா ஊரும் சுலபந்தான். அங்கே தெய்வத்துக்கு முகம் காட்டி நிற்கவேண்டும், இங்கே ராஜாவுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும், வித்தியாசம் அவ்வளவே.

சில வருஷங்களுக்குப் பிறகு, கல்கத்தா நண்பர் சித்திரைத் திருவிழாச் சமயத்தில் மதுரைக்கு வந்தார். தேர் பார்க்க வாருங்கள் என்று எழுதியிருந்தேன். சித்திரை மாதத்துத் தேர் சித்திரை வீதியில்தான் ஓடும் என்று சூத்திரம் போட்டு, அங்கே வெயிலில் இரண்டு மணிநேரம் காத்திருந்துவிட்டு, தேரெல்லாம் நிலைக்கு வந்த பிறகு, வியர்வை வழிய என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சித்திரைத் தேர் மாசி வீதியில் ஏன் ஓடுகிறது?" என்று கேட்டார்.

உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட ஆரம்பித்தேன்.