பிளக்கைப் பிடுங்கினால் தெரியும்

கரண்ட் போனால் எலெக்ட்ரிக் கிடாரின் குட்டு வெளிப்பட்டுவிடும். அதுவரை தெருவையே அதிரவைத்துக்கொண்டிருந்த வாத்தியம், மறுகணம் கொசுவோடு போட்டி போடும் நிலைக்கு வந்துவிடும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அக்கூஸ்டிக் கிடார்காரர் இந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார். மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கிடாரை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். இன்வெர்ட்டர் வந்தபிறகு அவருக்கு இந்த வாய்ப்பு குறைந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இரண்டுக்கும் தந்தி ஆறு. சுருதி சேர்ப்பதும் ஒரே மாதிரி. கார்டு பிடிக்கும் இடமும் அதேதான். அதனால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றது இலவசம் என்று கடைக்காரர் சொல்வார், வாங்குகிறவரும் தலையாட்டுவார். ஒலி எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் அந்தத் தலையாட்டல் நின்றுவிடும்.

அக்கூஸ்டிக் கிடாரில் தந்தி வெறும் தூண்டுகோல். தனியாக அதிர்ந்து அதனால் அதிகம் காற்றை அசைக்க முடியாது. பிரிட்ஜ் வழியாகப் பெட்டியின் மேல்பலகையை அது ஆட்டிவைக்கிறது, பாடுவது பலகைதான். அந்தப் பலகையின் கனம் சுமார் 3 மில்லிமீட்டர். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து அதை இழுக்கும் இழுப்போ 70 கிலோவுக்கு மேல். பலகையைத் தடிப்பாக்கினால் ஒலி செத்துவிடும், மெலிதாக்கினால் வயிறு உப்பிவிடும். அமெரிக்காவில் 1833இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம், 1840களில் பலகைக்கு அடியில் எக்ஸ் வடிவில் சட்டம் கொடுத்தது. குடல் நரம்புத் தந்திக் காலத்தில் செய்த ஏற்பாடு அது. பின்னால் எஃகுத் தந்தி வந்தபோதும் தாக்குப்பிடித்தது. பெட்டியைப் பெரிதாக்கினால் சத்தமும் பெரிதாகும் என்று 1916இல் ஒரு பெரிய கிடாரையும் மார்ட்டின் செய்தது. அதற்கு வைத்த பெயர், டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர்.

போர்க்கப்பலும் டிரம்பெட்டுக்கு முன்னால் மூழ்கிப்போனது. அந்தக் கால நடனக் குழுக்களில் கிடார்காரரைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. சம்பளம் மட்டும் சரியாக வந்தது.

இந்த அவமானம்தான் எலெக்ட்ரிக் கிடாரைப் பெற்றது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒன்றைச் செய்தார்கள். மடியில் கிடத்தி ஹவாய் பாணியில் வாசிக்கும் அலுமினிய வாத்தியம். வட்டமான உடம்பு, நீண்ட கைப்பிடி. பார்த்தவர்கள் வாணலி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காப்புரிமைக்கு விண்ணப்பித்தால் அதிகாரிகளுக்கு நம்பிக்கை வரவில்லை. இது நிஜமாகவே வேலை செய்யும் என்று காட்ட, வாஷிங்டனுக்கு ஹவாய் இசைக்கலைஞர்களை அனுப்பி அலுவலகத்திலேயே வாசிக்க வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. காப்புரிமை 1937இல் கிடைத்தது. கோப்பு நகர்வதற்காகக் கச்சேரி நடந்தது உலகத்திலேயே அங்கே மட்டும்தான் இருக்கும்.

வாணலிக்குள் இருந்த சூட்சுமம் எளிமையானது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரிழைச் செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இதுதான் பிக்கப். மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் துடிக்கும். ஆம்ப்ளிஃபயர் அந்தத் துடிப்பைப் பெருக்கும். இதற்குப் பெட்டியே வேண்டாம் என்று லெஸ் பால் என்ற கலைஞருக்குத் தோன்றியது. 1940வாக்கில் நாலங்குலத்துக்கு நாலங்குலம் பைன் கட்டை ஒன்றில் தந்தியையும் பிக்கப்பையும் மாட்டி மேடையேறினார். ஒருவரும் சட்டை செய்யவில்லை. வேறொரு கிடாரை இரண்டாக அறுத்து, அதன் இரு பாதிகளையும் கட்டைக்கு இருபுறமும் ஒட்டிக்கொண்டு மறுபடி போனார். அதே ஒலிக்கு இப்போது கைதட்டல்! இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜனங்கள் காதால் கேட்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. கிப்சன் நிறுவனம் அவரைத் துடைப்பக்கட்டைக்காரர் என்று கேலி செய்து அனுப்பியது. 1952இல் அவர் பெயரிலேயே ஒரு கிடாரை விற்கவும் ஆரம்பித்தது. இடையில், 1950இல், லியோ ஃபெண்டர் பெட்டியில்லாக் கிடாரை விற்று முந்திக்கொண்டார். அவர் ரேடியோ ரிப்பேர்க்காரர். உலகம் முழுக்க வாசிக்கும் டெலிகாஸ்டரையும் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கொடுத்தவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது.

சத்தத்துக்காக வந்த கருவி விரல்களின் பழக்கத்தையே மாற்றிவிட்டது. இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. அக்கூஸ்டிக்கில் மீட்டிய ஸ்வரம் சட்டென்று தேய்ந்துவிடும். அது தேய்வதற்குள் அடுத்ததைக் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாட்டின் கிடாரை நினைத்துக்கொண்டால் போதும்: தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டும் அந்த ஓட்டத்தில் ஒரு நொடிகூடக் காலியிடம் இல்லை. கல்லூரி விடுதிகளில் அதை வாசிக்க முயன்று முதல் இரண்டு வரியோடு நின்றுபோனவர்களை ஒன்றுசேர்த்தால் ஒரு கட்சியே ஆரம்பிக்கலாம். எலெக்ட்ரிக்கிலோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது நிற்கும். சார்லி கிறிஸ்டியன் 1939இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்து, சாக்ஸபோன்காரரைப் போல நீண்ட ஒற்றை வரிகளாக வாசித்தார். அதுவரை பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்த கிடார், முன்வரிசைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டது.

தந்தியின் கனமும் வேறு. அக்கூஸ்டிக்கில் முதல் தந்தி வழக்கமாக 0.012 அங்குலம், எலெக்ட்ரிக்கில் 0.009 அல்லது 0.010. காகிதத்தில் இது அற்ப வித்தியாசம், விரல் நுனியில் அப்படியில்லை. போதாக்குறைக்கு அக்கூஸ்டிக்கின் மூன்றாம் தந்திமேல் வெண்கலக் கம்பி சுற்றியிருக்கும். எலெக்ட்ரிக்கில் அது வெறும் எஃகு, இழுத்தால் வளையும். ஸ்வரத்தை வளைத்து ஏற்றும் வாசிப்பெல்லாம் அங்கே கொழிப்பதற்கு இது முக்கியக் காரணம். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக இசையை வாசிக்கும்போது, கமகத்துக்குத் தேவையான நெளிவும் நீளமும் அதிலிருந்து வருவதைக் கேட்கலாம். பெட்டிக் கிடாரில் அதே கமகத்தை இழுக்கப் போனால், அசைவது ராகம் அல்ல, வாசிப்பவரின் தோள்பட்டை.

அதற்காக எலெக்ட்ரிக் சுலபம் என்று முடிவுகட்டக் கூடாது. தொடாத தந்தியும் அதில் பேசும். இரைச்சலைக் கூட்டிவைத்து வாசிக்கும்போது, மீட்டுவதைவிட மற்ற ஐந்து தந்திகளின் வாயை அடைப்பதுதான் பாதி வித்தை. அக்கூஸ்டிக் வாசிப்பவரைத் தண்டிக்கிறது என்றால், எலெக்ட்ரிக் தண்டிப்பது கேட்பவரை.

காயம்பட்ட விரலுக்கு மட்டும் எலெக்ட்ரிக் கொஞ்சம் இரக்கம் காட்டும். பர்மிங்ஹாமில் தகரப் பட்டறையில் வேலை பார்த்த கிடார்காரர் டோனி ஐயோமிக்கு 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி இரண்டு விரல் நுனிகள் போயின. அன்றுதான் அவருக்குப் பட்டறையில் கடைசி நாள். மனமொடிந்து கிடந்தவருக்கு மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928இல் தீயில் இடதுகை வெந்துபோய், இரண்டே விரல்களால் ஓடி ஓடி வாசித்தவர், அதுவும் அக்கூஸ்டிக்கில். ஐயோமி வேறு வழி கண்டார். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், பாஞ்சோவின் மெல்லிய தந்திகளைக் கிடாரில் கட்டினார், பிறகு சுருதியையும் இறக்கினார். இழுப்பு தளர்ந்து, ஒலி கனத்து, பிளாக் சபாத் குழுவின் அந்தக் கருகருவென்ற இசை கிடைத்தது. இரண்டு விரல் நுனிகளும் தப்பியிருந்தால் ஹெவி மெட்டல் எப்படி ஒலித்திருக்குமோ.

அக்கூஸ்டிக்காரர் தன் கிடாரில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பிடமாட்டார். எலெக்ட்ரிக் உலகத்தில் சேதாரம்தான் மூலதனம். கரகரப்பான ஒலி வேண்டி, கிடார்காரர் லிங்க் ரே ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தினார். 1958இல் அந்த ஒலியோடு வெளியான, வார்த்தையே இல்லாத அவருடைய இசைத்துண்டைச் சில வானொலி நிலையங்கள் தடைசெய்தன. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் ஆம்ப்பின் ஸ்பீக்கரை சவர பிளேடால் கிழித்தே அந்தக் கரகரப்பை எடுத்தார். இன்று அதே கிழிசல் ஒலிக்குப் பெடல் என்ற பெயரில் சிறு பெட்டிகள் விற்கிறார்கள். நல்ல ஸ்பீக்கரை வாங்கி, அது கெட்டதுபோல ஒலிக்கத் தனியாகக் காசு கொடுப்பது வேறு எந்தத் தொழிலிலும் நடக்காது.

இப்படிப்பட்ட எலெக்ட்ரிக் கிடார் ஒன்றை, அக்கூஸ்டிக்கோடு பாடிப் பெயர்பெற்ற பாப் டிலன் 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடைக்குத் தூக்கிவந்தார். கூட்டத்தில் கூச்சல். கோடரி கிடைத்தால் கேபிளை வெட்டியிருப்பேன் என்ற நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், தன் கோபம் கிடார்மேல் இல்லை, சொற்கள் கேட்கவில்லை என்பதில்தான் என்று பின்னால் விளக்கம் சொன்னார். அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ஒருவர் எழுந்து டிலனை ‘யூதாஸ்’ என்றே கத்தினார். ஒரு பிளக்கைச் சொருகியதற்குக் கிடைத்த பட்டம்!

அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்போல 1989இல் எம்டிவி ‘அன்பிளக்ட்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. எரிக் கிளாப்டன் 1992இல் அதில் உட்கார்ந்து, 1970இல் எலெக்ட்ரிக்கில் கதறவைத்த ‘லைலா’ பாட்டைச் சாவகாசமாக நடக்கவிட்டார். அக்கூஸ்டிக்கில் அப்படிக் கதற முடியாது என்று தெரிந்த கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் 1993 நவம்பரில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் எடுத்துவந்தது மார்ட்டின் டி-18ஈ. அக்கூஸ்டிக் கிடாரில் எலெக்ட்ரிக் பிக்கப்புகளைப் பொருத்தி, 1950களின் இறுதியில் சில நூறு மட்டும் செய்து, எடுபடாமல் மார்ட்டினே கைவிட்ட மாடல். கோபேன் அதைப் பெடலில் சொருகி, பெடலை ஆம்ப்பில் சொருகினார். நிகழ்ச்சியின் பெயரோடு இது இடிக்குமே என்று தயாரிப்பாளர் ஆம்ப்புக்கு முன்னால் ஒரு போலிப் பெட்டியை வைத்து மறைத்தார்.

அந்தக் கிடார் 2020இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஃபிரீட்மேன். தொழில், மைக் தயாரிப்பு.