கிலோமீட்டர் படும் பாடு

ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர் என்று தூரக் கணிப்பான்கள் இன்றும் கூசாமல் சொல்கின்றன. 2022 தொடக்கம்வரை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்த பின்லாந்து விமானம், ஐரோப்பியருக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியபின், வடதுருவப் பக்கமாகவோ தெற்கேயோ சுற்றிக்கொண்டு சுமார் 13 மணி நேரத்தை விழுங்குகிறது. இடையில் பூமி ஒன்றும் வீங்கிவிடவில்லை. காற்றும்தானே நேரத்தை மாற்றுகிறது என்பார்கள். மாற்றும், மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று கிழக்கே போகிறவரைத் தள்ளிவிட்டு, திரும்பும்போது கந்துவட்டிக்காரர்போல வசூலித்துக்கொள்ளும். ஆனால் அது விமானத்தின் வாலில் எந்த நாட்டுச் சின்னம் என்று பார்த்து வீசுவதில்லை. சீன விமானங்களோ ஐரோப்பாவுக்கு இன்னமும் ரஷ்யாவின் மேல் நேராகவே பறக்கின்றன. ஆகவே, டிக்கெட் எடுக்கிறவர்கள் கிலோமீட்டரைப் பறவைகளுக்கு விட்டுவிட்டு, வெளியுறவு அமைச்சகங்களின் அறிக்கைகளைப் படிப்பது நல்லது.