நின்றே உழைப்பவர்

பசறை வீதியில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கங்காணியாரைக் கண்டுபிடிப்பது சுலபம். தேயிலை மலைச்சரிவு முழுக்கப் பெண்கள் கூடையும் கையுமாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் ஒரு கறுப்புக் குடை மட்டும் நிமிர்ந்து நிற்கும். அந்தக் குடைக்குக் கீழே இருப்பவர்தான் அவர். மழை பெய்துகொண்டிருக்க வேண்டும் என்றில்லை. குடை இல்லாமல் நின்றால் அவரும் வேலைக்கு வந்தவர் என்று யாராவது நினைத்துவிடலாம்.

தாத்தா காலத்துக் கோட்டு, காதுவரை இறங்கிய கம்பளித் தொப்பி, கையில் ஒரு கம்பு. இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் திரட்டிக் கப்பலேற்றி, தலைக்குக் காசு வாங்கிய பெரிய கங்காணிமார் போட்டது அது. ஆளைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. பெரிய கங்காணியின் ராஜ்ஜியமும் மெல்ல மெல்லக் கரைந்தது. நம்மவர் சில்லறைக் கங்காணி. ராஜ்ஜியம் போனாலும் கோட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

அவருடைய வேலை என்ன என்று கேட்டால், "மலை பாக்குறேன்" என்பார். ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் துரை உட்கார்ந்து மலை பார்த்த இடத்தை 'லிப்டன் சீட்' என்று பெயர் வைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். துரைக்காவது ஒரு சீட் இருந்தது. இவர் காலமெல்லாம் நின்றுகொண்டே பார்க்கிறார், ஒருவரும் டிக்கெட் எடுப்பதில்லை.

பார்ப்பது மட்டுமில்லை, பாடமும் நடத்துவார். ஏழு வயதில் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மலையேறி, முப்பது வருஷமாகக் கொழுந்து எடுக்கிற பெண்ணிடம் இரண்டு விரலைக் காட்டி, "ரெண்டு எல, ஒரு அரும்பு. முத்தல் வரக்கூடாது, வெளங்குதா புள்ள?" என்பார். புள்ளைக்குப் பேரப்பிள்ளை இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைகாசுக் கொழுந்துக்கு ஆள் போதவில்லை என்று அவரும் கூடை மாட்டினார். பகல் நிறுவையில் நாலு கிலோ. பக்கத்து நிரைப் பெண்ணுக்குப் பதினாலு. "இன்னைக்கு எனக்கு விழுந்த நெர சரியில்ல" என்றார். கூடையை இறக்கியதும் மறுபடி குடையைத்தான் தேடினார்.

அவருடைய மனைவியும் அதே மலையில்தான் கொழுந்து எடுக்கிறார். பாரபட்சம் பார்க்காதவர் என்று காட்டுவதற்காக ஒருநாள், கிலோ குறைகிறது என்று மனைவிக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட வைத்தார். அன்றிரவு லயத்தில் ரொட்டியும் அரைப்பேராகத்தான் வந்தது.

சம்பளக் கதையை எடுத்தால் கங்காணியார் நிமிர்ந்துவிடுவார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த நாட்சம்பளம், ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்த 11 சதம் ஆம்பளையாய்ப் பிறந்ததற்கான படி. 1984இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் ஒரே சம்பளம் என்றானது. "நாங்க போராடி ஒங்களுக்கு வாங்கிக் குடுத்தது" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். அந்த வேலைநிறுத்தத்தில் உலை வைக்காமல் உட்கார்ந்திருந்த பெண்கள் இந்தக் கதையில் வருவதில்லை.

சம்பளம் சமமாயிற்று, சரி. மணிக்கூடு சமமாகவில்லை. கவ்வாத்து, முள்ளுக் குத்துதல், மருந்தடித்தல் என்று ஆண்களுக்குக் கொடுக்கிற வேலை ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ முடிந்துவிடும். குளித்து, சட்டை மாற்றி, டவுனுக்கு இறங்கிவிடலாம். பெண்கள் சாயந்தர நிறுவை முடிந்து, வழியில் விறகு பொறுக்கிக்கொண்டு, பிள்ளைக் காம்பராவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வரும்போது இருட்டியிருக்கும். இரண்டுக்கும் ஒரே நாட்பேர். இது ஏன் என்று கேட்டால், "கவ்வாத்துக் கத்தி புடிச்சுப் பாரு, தெரியும்" என்பார். அவர் அதைப் பிடித்து எத்தனை வருஷமாயிற்று என்று கேட்பது மரியாதையில்லை.

1992இல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. கம்பனி வந்தால் எல்லாம் நவீனமாகும் என்றார்கள். ஆகவும் செய்தது. கங்காணியாருக்கு மேலே கணக்கப்பிள்ளை, கண்டக்டர், டீமேக்கர், பெரிய கிளாக்கர், சின்னத்துரை, பெரியதுரை. மேலே ஏற ஏறச் சேலை குறைந்து கால்சட்டை கூடும். கொழும்பில் கம்பனி வருஷாவருஷம் அச்சடிக்கிற அறிக்கையின் அட்டையில் பெரும்பாலும் கூடையோடு ஒரு பெண் சிரிப்பார். இரண்டு பக்கம் புரட்டினால் கோட்டுப் போட்டவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கங்காணியார் அந்தப் படத்தைப் பார்த்தால் தன் கோட்டை ஒருதரம் தடவிக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

வெள்ளைத் துரைமார் 1876இல் நுவரெலியாவில் ஹில் கிளப் தொடங்கினார்கள். ஆண்கள் மட்டும் நுழையலாம் என்று ஒரு பார் அங்கே நெடுங்காலம் இருந்தது. நம்மவருக்குக் கொழுந்து மடுவம் இருக்கிறது. கூரையும் ஒரு வாங்கும் உள்ள கிளப் அது. அங்கத்தவர்கள் கணக்கப்பிள்ளை, லொறி டிரைவர், தோட்டத் தலைவர், கங்காணியார். நாளைக்கு எந்த மலை, யாருக்கு நல்ல நிரை, யாருக்குச் செங்குத்துச் சரிவு, யார் வாய் நீளுகிறது, இவ்வளவும் அங்கே சாயத் தண்ணி குடித்தபடி முடிவாகும். பெண்கள் மடுவத்துக்கு வெளியே கொழுந்துச் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். வெயிலோ மழையோ அவர்களுக்குச் சொந்தம். கிளப் விதி எங்கேயும் எழுதி ஒட்டியில்லை. எழுதி ஒட்டாத விதியைக் கிழிக்கவும் முடியாது.

மலையில் கழிப்பறை கிடையாது என்கிற விஷயத்தை மடுவத்தில் ஒருதரம் ஒரு பெண் எழுப்பினாள். கங்காணியார் தொண்டையைச் செருமிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். "அதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். நாலு ஆம்பள இருக்குற எடத்துல பேசுறது நல்லாருக்காது." நாலு ஆம்பளை இல்லாத இடத்தில் பேசினால் கேட்பதற்கு ஆளில்லை. பேசாமல் அடக்கிக்கொண்டு, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் கொழுந்து எடுப்பது பழகிப்போயிற்று. தலைவரும் தலையாட்டினார். மாசாமாசம் செக்ரோலில் பிடிக்கிற சங்கச் சந்தாவில் பெரும்பங்கு சேலை கட்டினவர்களுடையது. ஆனாலும் பேச்சுக்குத் தலைவர், விளக்கேற்ற மாதர் தலைவி என்பது சங்கத்திலும் ஏற்பாடு.

ஜூலை பிறந்து ஊவாவில் காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கினால் கங்காணியாருக்கு இன்னொரு பெருமை. செப்டம்பர் வரைக்கும் இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு ஒரு தனி வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் அதற்கென்றே விலை கேட்பார்கள். "நம்ம மலைக் கொழுந்து, சும்மாவா?" என்பார். அந்த வாசத்தைக் கொடுக்கிற அதே காற்றுதான் கொழுந்தையும் வளரவிடாமல் சுருக்குகிறது. விலை ஏறுகிற மாதத்தில் கூடை ஏறாது. நாட்பேருக்குப் பல தோட்டங்களில் கேட்கிற 18 கிலோ கணக்கை மட்டும் காற்று எளிதில் அசைப்பதில்லை. அப்போது கங்காணியாரின் "வெரசா, வெரசா" இரண்டு மடங்காகும்.

2024 நவம்பர் பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே போவது அதுவே முதல்தடவை. தேர்தலுக்கு முதல்நாள் வரை, "பொம்பளைக்கு எதுக்கு இந்த அரசியலு" என்றவர் கங்காணியார். முடிவு வந்த மறுநாள் காலைப் பெரட்டில், "நம்ம பதுள புள்ளதான், பாத்தீங்களா!" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, தலைத்துணியை இழுத்துக் கட்டி மலையேறினார்கள்.

அங்கொன்று இங்கொன்றாகத் தோட்டங்களில் பெண் கங்காணிகளைப் போடத் தொடங்கியிருக்கிறார்கள். கங்காணியாரின் பக்கத்து மலைக்கும் ஒருத்தி வந்தாள். செய்தி கேட்டு மடுவம் ஒருவாரம் சிரித்தது. "அட்ட கடிச்சா அவ அத பாப்பாளா, மலைய பாப்பாளா?" என்று நம்மவர் கேட்டார். அவளுடைய கால்களை இருபது வருஷமாக அட்டை கடித்துக்கொண்டிருப்பது ஞாபகத்துக்கு வரவில்லை. இருந்தாலும் பெரிய மனது பண்ணி அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார்: அதட்டணும், சிரிக்கக்கூடாது, குடையை மடக்கக்கூடாது.

அவள் குடையே கொண்டுவரவில்லை. நல்ல வெயில் நாள். பகல் நிறுவைக்கு மடுவத்துக்கு வந்து, வரிசையில் முதல் சாக்கு தராசில் ஏறும்போது கேட்டாள்.

"ஐயா, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தன கழிக்கிறீங்க?"

"ரெண்டு" என்றார் கணக்கப்பிள்ளை, துண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னைக்கு ஈரம் இல்லீங்களே."

"வழக்கம் ரெண்டு."

அவள் கொழுந்தைப் படங்கில் கொட்டிவிட்டு வெறும் சாக்கை டிஜிட்டல் தராசில் தொங்கவிட்டாள். சிவப்பு எண் ஓடி நின்றது. அரைக் கிலோகூட வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். லொறி டிரைவர் எஞ்சினைப் பார்க்கப் போனார். கங்காணியார், "தராசு புதுசு, இன்னும் பழகல" என்றார். கணக்கப்பிள்ளை எதையும் சொல்லாமல் அன்றைக்கு அரைக் கிலோவே கழித்து எழுதினார்.

அன்று சாயந்தரம் பசறை டவுனில் சாயக்கடைக்கு முன்னால் கங்காணியார் குடையை ஊன்றிக்கொண்டு நான்கு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"நாந்தான் அந்தப் புள்ளகிட்ட சொன்னேன், வெறுஞ் சாக்க ஒருதரம் நிறுத்துப் பாருன்னு."