வெண்ணெய் இருக்க விகிதத்துக்கு அலைவானேன்?

பங்கு வாங்குவதில் முதல் படி, விகிதம் பார்ப்பது. பங்கின் விலையை அந்தப் பங்குக்குரிய ஓராண்டு லாபத்தால் வகுத்தால் பி.இ. விகிதம் வரும். 12 என்றால் மலிவு. 80 என்றால் 'எதிர்காலம் உள்ள நிறுவனம்'. இரண்டிலும் முடிவு ஒன்றே: வாங்கலாம். அடுத்தது ரொக்கக் கையிருப்பு விகிதம். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணக்கில் கையிருப்புக்குக் குறைவே இருக்கவில்லை. அதில் 5,040 கோடி ரூபாய் வங்கியில்தான் இல்லை என்று 2009 ஜனவரியில் அதன் தலைவரே கடிதம் எழுதினார். வகுத்தலில் எந்தப் பிழையும் இல்லை.

இரண்டாம் படி, ஒட்டுறவு: எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. ஒரு குறிப்பிட்ட காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின் போக்கில் 75 சதவீதத்தை வங்கதேச வெண்ணெய் உற்பத்தியே விளக்கிவிடுவதாக அமெரிக்க ஆய்வாளர் டேவிட் லைன்வெபர் காட்டினார். அமெரிக்கப் பாலாடைக்கட்டியைச் சேர்த்ததும் 95. இரு நாட்டுச் செம்மறியாடுகளும் வந்து சேர்ந்ததும் 99. மிச்சமுள்ள 1 சதவீதத்துக்காக ஆண்டறிக்கை படிப்பது நேர விரயம்.

லைன்வெபர் இதைக் கேலியாகத்தான் செய்தார். வங்கதேசத்தில் இப்போது வெண்ணெய் நிலவரம் எப்படி என்று கேட்டு அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன.